முடிச்சில்லாத வலி

அவளுக்கு அழுத்தக்காரி என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணன்தான். "கையாலயும் அழுத்துவா, மனசுல இருக்கறதையும் வெளிய விடாம அழுத்தி வச்சுக்குவா. ரெண்டுக்கும் சேர்த்து ஒரே பேரு, சிக்கனம்" என்பார். வீட்டில் வைத்த பெயர் எப்படியோ அவள் வேலை பார்க்கும் இடம்வரை போய்ச் சேர்ந்துவிட்டது. "அழுத்தக்காரி அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஆட்கள் படியேறி வருவார்கள்.

மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அந்த பிசியோதெரபி நிலையம். மூன்று கட்டில், நடுவில் பச்சைத் திரை. ஜன்னலோரக் கட்டில் அவளுடையது. குப்புறப் படுப்பவர் முகத்தை வைத்துக்கொள்ள அதில் ஒரு ஓட்டை உண்டு. அந்த ஓட்டை வழியே தரையைப் பார்த்தபடி ஊரில் பாதிப் பேர் அவளிடம் தங்கள் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அவளோ ஒருவர் கதையை இன்னொருவரிடம் சொன்னதில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் விரல்கள் கண்ணாகியிருந்தன. கழுத்துக்கு அடியில் கூழாங்கல் மாதிரி உருண்டிருந்தால் தையல்காரர், இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் இறுகியிருந்தால் வண்டி ஓட்டுகிறவர். படுத்தவர் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிடுவாள்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். தசை வலி என்றால் அந்த இடத்தில் ஒரு முடிச்சு இருக்க வேண்டும், கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, "இது என் கைக்கு அடங்கற வலி இல்ல, ஸ்கேன் எடுத்துப் பாருங்க" என்று அனுப்பிவிடுவாள். அப்படி அவள் அனுப்பிய ஒரு துணிக்கடைக்காரருக்குச் சிறுநீரகத்தில் கல் இருந்தது. அந்த மனிதர் நன்றி சொல்ல வந்தபோது, "கல்லு உங்களுது, கண்டுபிடிச்சது ஸ்கேன். எனக்கெதுக்கு நன்றி" என்று சிரித்து அனுப்பினாள்.

கல்யாணமான இரண்டாம் வருடமே கணவன் போய்விட்டான். எங்கே, ஏன் என்று யாராவது கேட்டால், "போனவனைப் பத்தி என்ன பேச்சு" என்பாள். அதன் பிறகு தனியாகத்தான் இருந்தாள். அண்ணி இறந்து மூன்று மாதம் கழித்து அண்ணன் ஒரு பெட்டியும் இரண்டு நாற்காலியுமாக அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய ஒரே மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். "அப்பாவ எங்கூட வரச் சொன்னா வர மாட்டேங்கறார் அத்தை" என்று அவள் போனில் அழுதபோது, "எங்கிட்ட இருக்கட்டும், நான் பார்த்துக்கறேன்" என்று இவள் சொன்னாள்.

அண்ணன் முப்பத்தோரு வருடம் ஒரு பேக்கரியில் அடுப்படியில் நின்றவர். வந்தபோது எடை நூற்று மூன்று கிலோ. மாடிப்படியில் ஒன்பதாவது படியில் நின்று, "இந்தப் படியைக் கட்டினவன் நல்லா இருப்பானா" என்று ஒரு முறை திட்டிவிட்டுத்தான் மீதியை ஏறுவார். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இருந்தது. நிலையத்தின் டாக்டரம்மா ஓர் உணவுப் பட்டியல் எழுதிக் கொடுத்தாள். அதை வாங்கிய நாளிலிருந்து அண்ணனுடைய வாய்க்கு அழுத்தக்காரிதான் காவல்.

சோறு ஒரு கிண்ணம், அதற்கு மேல் ஒரு பருக்கை கிடையாது. வேகவைத்த பயறு, கீரை, வெள்ளரிக்காய், எண்ணெய் படாத மீன், காலையில் இரண்டு முட்டை. ரொட்டி வீட்டுக்குள் வரவே கூடாது. "முப்பது வருஷம் ஊருக்கே ரொட்டி சுட்டுப் போட்டவன் நான். எனக்கு ஒரு துண்டு இல்லையா?" என்பார். "அதான் முப்பது வருஷமா தின்னாச்சே" என்பாள். சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் அவரை முக்காலியில் உட்காரவைத்து, சாப்பாட்டு மேஜையில் இரு கைகளையும் மடக்கித் தலையைக் கவிழ்த்துக்கொள்ளச் சொல்லி, தோளிலிருந்து இடுப்புவரை பிடித்துவிடுவாள். மாவு பிசைந்தே திரண்ட தோள்கள். "நீ பிசையற பிசையில நான் பன்னா உப்பிடுவேன் போல" என்பார் மடக்கிய கைகளுக்குள் முகத்தைப் புதைத்தபடியே.

முதல் வருடம் பன்னிரண்டு கிலோ குறைந்தது. படியில் நிற்பது நின்றது. இரண்டாம் வருடம் இன்னும் வேகமாக இறங்கி எழுபத்தெட்டுக்கு வந்தார். பழைய பேன்ட்டை மாட்டிக்கொண்டு, இடுப்புப் பக்கம் ஒரு முழம் இழுத்துக் காட்டினார். டாக்டரம்மா அதைப் படம் எடுத்து, பழைய படத்தையும் பக்கத்தில் வைத்து, நிலையத்தின் காத்திருக்கும் அறையில் மாட்டினாள். வருகிறவர்கள் எல்லாரும், "உங்க அண்ணனா? எப்படி இப்படிக் குறைச்சார்?" என்று கேட்பார்கள். அழுத்தக்காரி அதிகம் பேசாதவள். அந்தக் கேள்விக்கு மட்டும் நின்று பதில் சொல்வாள். அவள் வாழ்க்கையில் நாலு பேர் பார்க்கச் சுவரில் மாட்டும்படி எதுவும் அதுவரை நடந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் முதுகு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். முதுகின் நடுவில், விலா முடிகிற இடத்தில். "உள்ளேருந்து யாரோ விரலால குத்தற மாதிரி இருக்கு." அவள் அழுத்திப் பார்த்தாள். எங்கும் இறுக்கமில்லை. முடிச்சும் இல்லை. பஞ்சு மாதிரி இருந்தது. வேறு யாராவது நிலையத்துக் கட்டிலில் படுத்து இப்படிச் சொல்லியிருந்தால் இரண்டாவது நிமிடமே எழுப்பி அனுப்பியிருப்பாள். ஆனால் இது அண்ணன். அடுப்படியில் குனிந்து நிமிர்ந்த பழைய முதுகு, எடை குறைந்ததால் தசை தளர்ந்திருக்கும் என்று தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். தினமும் மேஜையில் கவிழ்ந்து உட்காரவைத்துப் பிடித்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில், "ஆ, இப்ப தேவலை" என்பார். தன் கைதான் வலியைத் தீர்க்கிறது என்று அவள் நம்பினாள். படுத்தால் வலிக்கிறது என்று அவர் தலையணையை மேஜைமேல் போட்டு உட்கார்ந்தபடியே தூங்கத் தொடங்கியதைக்கூட, "வயசானா இப்படித்தான்" என்று விட்டுவிட்டாள்.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, முதல்முதலில் பார்த்ததைவிட அதிகம். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "அண்ணன் வெளியில ஏதாவது சாப்பிடறாரா அக்கா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அழுத்தக்காரிக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்த மாதிரி இருந்தது. அண்ணன் தினமும் காலை நடைக்குப் போகிறவர், திரும்பும்போது பழைய பேக்கரியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவார்.

"அண்ணா, உண்மையச் சொல்லு. அங்க என்ன திங்கறே?"

"தண்ணி குடிக்கறேன். டீ குடிக்கறேன், அதுவும் சர்க்கரை இல்லாம."

"அப்ப சர்க்கரை காத்துலயா வந்து ஏறுது?"

"எனக்கென்ன தெரியும்? நான் எதையும் தொடலம்மா."

அவள் நம்பவில்லை. சட்டைப் பையைத் துழாவினாள். காலரில் மாவு ஒட்டியிருந்ததை எடுத்துக் காட்டினாள். "பேக்கரிக்குப் போனா மாவு ஒட்டாம சந்தனமா ஒட்டும்?" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. மறுநாள் காலை நேராகப் பேக்கரிக்கே போனாள். அங்கே அண்ணனின் பழைய கூட்டாளி, இப்போதும் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர், தட்டுகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் நான்கு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே, "எங்க அண்ணனை நீங்களே கொன்னுடுவீங்க போலிருக்கே. சிநேகிதம்னா விஷத்தையா ஊட்டறது?" என்று கத்தினாள். அடுப்புக்காரர் கைத்துணியைக் கீழே வைத்தார். "சத்தியமா நான் ஒண்ணும் தரலம்மா. அவர் கேட்கவும் இல்ல" என்றார். "ஆமா, ரெண்டு பேரும் ஒரே குட்டையில ஊறின மட்டைதானே" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

அதன் பிறகு பதினைந்து நாள் வீட்டில் பேச்சே இல்லை. சாப்பாட்டுக் கிண்ணத்தை மேஜையில் வைக்கும் சத்தம் மட்டும்தான் பேச்சு. சோற்றை அரைக் கிண்ணமாகக் குறைத்தாள். அதையும் அவர் மீதி வைத்தார். வெளியில் தின்றுவிட்டு வந்தால் வயிற்றில் இடம் எங்கே இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டே மறுபடி ஆரம்பித்தாள். "ஒரு வார்த்தை ஒத்துக்கோ. ஒத்துக்கிட்டா நான் விட்டுடறேன்."

அண்ணன் கொஞ்ச நேரம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. தின்னேன். ரெண்டு கிரீம் பன். தினமும்" என்றார்.

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "இதை முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?" என்றாள். அன்று சாயங்காலம் அவருக்கு நன்றாகப் பிடித்துவிட்டாள். எலும்புகள் கைக்குத் தட்டுப்பட்டன. ஒவ்வொரு விலாவையும் எண்ணலாம் போலிருந்தது. எடைக்கருவி எழுபத்திரண்டு காட்டியது.

டாக்டரம்மா சனிக்கிழமைகளில் காத்திருக்கும் அறையில் நாற்காலி போட்டு, புதிதாக வருகிறவர்களுக்கு உணவைப் பற்றிப் பேசுவாள். ஒரு சனிக்கிழமை அண்ணனையும் பேசச் சொன்னாள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் தன் படத்துக்குக் கீழேயே நின்றார். "நான் ஒண்ணும் பண்ணலைங்க. என் தங்கச்சி வாயைக் கட்டினா, வயிறு தானா ஓடிப்போச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அழுத்தக்காரி பச்சைத் திரை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் அண்ணன் முகத்தில் நேராக விழுந்திருந்தது. எழுந்து போய் அவருடைய கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். கண் மஞ்சளாக இருந்தது.

"எத்தனை நாளா இப்படி?" என்று டாக்டரம்மா கேட்டாள். அவர் தங்கையைப் பார்த்தார். தினமும் அவருடைய முதுகைத்தானே அவள் பார்த்தாள்.

பெரிய மருத்துவமனையில் நான்கு நாள் பரிசோதனை நடந்தது. கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். அங்கிருந்த டாக்டர் அவளைத் தனியே உட்காரவைத்து நிதானமாகக் கேட்டார். "சர்க்கரை திடீர்னு ஏறுச்சா?"

"ஏறுச்சு."

"முதுகுல வலி?"

"இருந்துச்சு."

"முன்னாடி குனிஞ்சு உட்கார்ந்தா குறையுமா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மேஜை, முக்காலி, கவிழ்ந்த தலை எல்லாம் கண்முன் வந்தது. குறைத்தது அவள் கை இல்லை. குனிந்து உட்கார்ந்ததுதான் குறைத்திருக்கிறது.

"எவ்வளவு நாளா?"

"அஞ்சு மாசம்."

டாக்டர் எழுதிக்கொண்டார். "முன்னாடியே வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்னு உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார். அவர் உண்மையைத்தான் சொன்னார். அவள் காதில் அது, சாவு வீட்டில் சொல்கிற ஆறுதலை முன்கூட்டியே சொல்லிவைப்பதாக விழுந்தது.

நிலையத்துக்குப் போய் முதல் வேலையாக, "அந்தப் படத்தை எடுத்துடுங்க" என்றாள். டாக்டரம்மா ஸ்டூல் போட்டு ஏறித் தானே கழற்றினாள்.

மருத்துவமனையின் உணவு ஆலோசகர் புதிதாக ஒரு பட்டியல் கொடுத்தார். பட்டியல் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரே வரிதான். "அவருக்கு எது பிடிக்குதோ, எது இறங்குதோ, அதைக் குடுங்க. ரொட்டியோ கேக்கோ, எதுவா இருந்தாலும் சரி." இரண்டு வருடம் வாசலிலேயே தடுத்து வைத்ததையெல்லாம் அழுத்தக்காரி கை நிறைய வாங்கி வந்தாள். வெண்ணெய், ஜாம், தேன், பால் ஏடு. கிரீம் பன்னைத் தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்டினாள். அவர் அதை முகர்ந்து பார்த்தார். ஓரத்தில் ஒரு கடி கடித்து வெகுநேரம் மென்றார்.

"வெண்ணெய் போடல. வனஸ்பதி. கடைக்காரன் ஏமாத்தறான்" என்றார். பிறகு தட்டை மெல்லத் தள்ளி வைத்தார். "நாளைக்குப் பார்க்கலாம்."

நாளைக்கும் இறங்கவில்லை. இரண்டு கரண்டி சூப், அரை வாழைப்பழம், அவ்வளவுதான். அளந்து குறைத்தவள் இப்போது அளந்து கெஞ்சினாள். "இன்னும் ஒரு வாய்ண்ணா. ஒரே வாய்."

ஒரு மத்தியானம் அவள் கேட்டேவிட்டாள். "நீ பன் தின்னவே இல்லதானே?"

"இல்ல."

"அப்புறம் ஏன் தின்னேன்னு சொன்னே?"

"நீ தேடிக்கிட்டே இருந்தே. உனக்கு ஏதாவது கிடைக்கணும்ல." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். "ரெண்டுன்னு சொன்னேன். மூணுன்னு சொல்லியிருக்கலாம், இன்னும் கொஞ்சம் சந்தோஷப்பட்டிருப்பே."

அவள் எழுந்து அடுக்களைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

கால்கள் வீங்கின. உடம்பில் எங்கே அழுத்தினாலும் வலித்தது. அவள் கைக்கு அழுத்தத்தான் தெரியும். அவருடைய பாதத்தின் மேல் உள்ளங்கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"எவ்வளவு நேரமா கையை வச்சிருக்கே. ஏதாவது செய்யப் போறியா?"

"செய்ய ஒண்ணும் இல்ல."

"சரி. வச்சிரு."

மகள் வேலைக்கு விடுப்பு எடுத்து வந்து சேர்ந்தாள். அவள் வந்த ஒன்பதாம் நாள் மத்தியானம் அழுத்தக்காரி அடுக்களையில் சூப்பை வடிகட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து, "அத்தை" என்று ஒரு குரல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை. வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினாள். மகளின் கையைப் பிடித்தபடி அண்ணன் போயிருந்தார். வடிகட்டியிலிருந்து சூப் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

எல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும் நாளில் மகள் பையைக் கட்டிக்கொண்டே சொன்னாள், "உங்களைவிட அப்பாவ யாரும் நல்லா பார்த்திருக்க முடியாது அத்தை." வருகிறவர் போகிறவர் எல்லாரும் சொன்னதுதான். ஆனால் இவள் சொன்னபோது அழுத்தக்காரியால் தாங்க முடியவில்லை. ஐம்பத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக உள்ளே இருந்ததைக் கொட்டினாள். "உங்கப்பாவ நான் திருட்டுத்தீனி திங்கறார்னு சொன்னேன். வலி வலின்னு சொன்னப்ப அனுப்பாம பிடிச்சுவிட்டுக்கிட்டே இருந்தேன்."

மகள் பையின் வாரை இழுத்து மாட்டினாள். "தெரியும் அத்தை. அப்பா போன்ல சொன்னார், சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்." "எனக்கு அப்பவே கோபம் வந்துச்சு. இப்பவும் இருக்கு. ஆனா நான் வேற ஊர்ல இருந்துக்கிட்டுக் கோபப்பட்டு என்ன?" படியிறங்கும் முன் அத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இறுக்கமாகத்தான் பிடித்தாள். இருந்தாலும் போன் பேச்சு வாரம் ஒருமுறை என்றாகி, பிறகு மாதம் ஒருமுறை என்றானது.

அடுப்புக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். நாலு பேர் முன்னால் திட்டியதால் நாலு பேர் இருக்கும் நேரமாகவே பார்த்துப் போனாள். "அதெல்லாம் விடும்மா" என்று அவர் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார். டீ கொடுத்தார். பிறகு ஒன்று சொன்னார்.

"இங்க மாவு மூட்டை நிறுக்கற தராசு இருக்குல்ல, அதுல ஏறி நிப்பார். 'நான் எதுவும் செய்யாமலே குறையுதுப்பா, இது சரியில்ல'ன்னார் ஒரு நாள். தங்கச்சிகிட்ட சொல்லுங்கன்னேன். 'அவ எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கிட்டு இருக்கா, நான் போய் அதைக் கெடுக்கவா? கொஞ்ச நாள் போகட்டும்'னார்."

அவள் டீயைக் குடித்து முடித்தாள். கிளாஸைக் கீழே வைக்கும் இடம் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

பிறகு வேலைக்குப் போகத் தொடங்கினாள். வீட்டில் ஒரு கிண்ணம் சோறு வடிப்பதற்கு அடுப்பைப் பற்றவைக்க மனசு வரவில்லை. நின்றபடியே எதையாவது தின்றுவிட்டு வருவாள். கையின் பலம் மட்டும் குறையவில்லை. ஆனால் கட்டிலில் படுக்கிறவர்கள் எல்லாரையும் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எடை குறைஞ்சிருக்கா? நீங்க குறைச்சீங்களா, தானா குறைஞ்சதா? படுத்தா வலிக்குதா, குனிஞ்சா குறையுதா? வலி தீர வந்தவர்கள் பயத்தோடு இறங்கிப் போனார்கள். இரண்டு பேர் புகார் சொன்னார்கள். "அக்கா, ஆயிரம் பேர்ல ஒருத்தருக்குக்கூட அப்படி இருக்காது" என்று டாக்டரம்மா எடுத்துச் சொன்னாள். "தெரியும்" என்றாள். மறுநாளும் கேட்டாள், கொஞ்சம் மெல்லிய குரலில்.

ஒரு வங்கி ஊழியர் பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும், ஆறு மாதத்தில் பதினோரு கிலோ குறைந்திருந்தாள், நடு முதுகில் வலி. அழுத்தக்காரி விரலை வைத்துத் தேடினாள். இரண்டு நிமிடம்தான். எண்ணெயைத் துடைத்துவிட்டு, "எழுந்திருங்க. இன்னைக்கே ஸ்கேன் எடுங்க" என்றாள். அந்தப் பெண் அழுதுகொண்டே படியிறங்கினாள்.

எட்டாம் நாள் திரும்பி வந்தாள். முகத்தில் எரிச்சல் இருந்தது. "ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டாங்க. மனக்கவலையாம், சரியா சாப்பிடாததாம். ஒரு வாரம் எங்க வீட்டுல யாருமே தூங்கல, தெரியுமா?"

அழுத்தக்காரிக்கு நிம்மதி வரவில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பொறாமை வந்தது. ஒன்றும் இல்லை என்று இந்தப் பெண்ணிடம் சொன்னவர்கள் அண்ணனிடமும் சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தாள். உடனே வெட்கமாகவும் இருந்தது.

"நல்லது" என்றாள். புதுத் துண்டு ஒன்றை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். "படுங்க. மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல."

"நானும்தான்" என்று சொல்லிவிட்டு, எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிச் சூடு வரத் தேய்த்தாள்.